ஜிம் ஹட்டனுக்கு ஒரு வரிகூட இல்லையா?

குயீன் ராக் இசைக்குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரி பற்றிய உங்கள் கட்டுரையை, அவர் வாழ்வில் முன்னாள் காதலி மேரி ஆஸ்டின் ஒருவரே காதல் என்பதுபோல் முடித்திருப்பது வருத்தமளிக்கிறது. மேரி அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு, லண்டன் கார்டன் லாட்ஜ் வீட்டை மேரிக்கே எழுதிவைத்தது போதும். ஆனால் அதே வீட்டில் கூடவே வாழ்ந்து, 1991 நவம்பரில் ஃபிரெடி இறக்கும்வரை பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் அவருடைய காதலர் ஜிம் ஹட்டன். அவரை எப்படி விட்டீர்கள்?

'லவ் ஆஃப் மை லைஃப்' பற்றி எழுதியது அருமை. குயீனின் 1975 ஆல்பத்தில் பியானோவும் ஹார்ப்பும் இழையும் பாடல் அது. மேடையிலோ குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மேயின் 12 கம்பி கிட்டார் மட்டும்தான். 1985 ரியோ நிகழ்ச்சியைக் கேட்டுப்பாருங்கள். கூட்டமே பாடுகிறது, ஃபிரெடி கேட்டுக்கொண்டு நிற்கிறார். ஆல்பப் பதிவைவிட எனக்கு அதுதான் உயர்வு.