லிசியாந்தஸ் பொக்கேவுக்குத் தண்ணீர் தெளிக்காதீர்கள்

"லிசியாந்தஸ் நம்ம ஊருக்குத் தாங்காது, விலையும் கூட, பேசாம ரோஜாவே வைங்க." ராமேஸ்வரம் தீவில் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கல்யாணத்துக்குப் பொக்கே கட்டுகிறவர்களே இப்படிச் சொல்கிறார்கள். விலை கூடத்தான். தாங்காது என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது. ரோஜா மாதிரி இருக்கும் இந்தப் பூ, அமெரிக்காவின் டெக்சாஸ் புல்வெளிகளில் வெயிலில் நின்ற காட்டுச்செடி. ஜப்பான்காரர்கள் அதை அடுக்கு இதழாக்கினார்கள். நல்ல தண்ணீரில் நின்றால் பத்து நாள்கூட வாடாது. கெடுவதெல்லாம் நம் கைக்கு வந்த பிறகுதான்.

முதல் வில்லன் ஸ்பிரே பாட்டில். மல்லிகைக்கு ஈரத்துணி போர்த்திப் பழகிய கை, இதற்கும் சும்மா இருக்காது. லிசியாந்தஸ் இதழ் மெல்லிசு, அடுக்கும் நெருக்கம். உள்ளே புகுந்த நீர் நம் கடற்கரைக் காற்றில் காயாது. ராத்திரி தெளித்தால் விடியும்போது இதழில் குண்டூசித் தலை அளவுக்கு நீர்கோத்த புள்ளிகள் தெரியும். அவை பழுப்பேறி, மேலே சாம்பல் பூஞ்சை படரும். வெள்ளைப் பூவில் ஒரு புள்ளிகூட போட்டோவில் தப்பாது.

ஃபிரிட்ஜும் இதே வேலையைச் செய்யும். குளிர்ந்த பூவைப் புழுக்கத்தில் எடுத்ததும் இதழ் வியர்க்கும். பூவைப் பெட்டியில் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள்; பெட்டியோடு வெளியே எடுத்து, அரை மணி நேரம் மூடியே வைத்துவிட்டுத் திறங்கள். மாம்பழம், வாழைப்பழம் இருக்கிற ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டாம்; பழம் விடும் வாயு பூவைச் சீக்கிரம் வாட வைக்கும்.

அடுத்தது தண்ணீர். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம். இலை ஓரம் கருகும், பூ தலை தொங்கும். கேன் தண்ணீர் போதும், வாளியில் நாலு விரல் உயரத்துக்கு. நீலகிரி, பெங்களூரு பக்கத்துப் பாலிஹவுஸ்களிலிருந்து (பிளாஸ்டிக் கூரை போட்ட பூக்குடில்கள்) மதுரை வழியாக வரும் பூ, பெட்டிக்குள் தண்ணீரில்லாமல்தான் வரும். வந்ததும் கத்தரிக்கோல் வேண்டாம், அது தண்டை நசுக்கும். கூர்மையான கத்தியால் அடியில் இரண்டு செ.மீ. சாய்த்து வெட்டி, தண்ணீரில் முங்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, நாலு மணி நேரம் நிழலில் நிறுத்துங்கள். அதற்கு முன் கட்ட உட்காராதீர்கள்.

வாங்கும்போது ஒரு தண்டில் இரண்டு பூவாவது விரிந்து, ஒரு மொட்டாவது நிறம் காட்டியிருக்க வேண்டும். நுனியில் இருக்கும் பச்சை மொட்டு வெட்டிய பிறகு பெரும்பாலும் மலராது. ஊதா வகையில் வீட்டுக்குள் விரியும் மொட்டு வெளிறிப்போகும். எந்த வகையானாலும் நிறம் காட்டிய மொட்டு விரிய நேரம் வேண்டும்; கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு பூ கையில் இருப்பது நல்லது.

நடுத்தர அளவு பொக்கேவுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து தண்டு பிடிக்கும். எல்லாத் தண்டும் ஒரே பக்கம் சாயும்படி, பொக்கேயைச் சுழற்றிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சேருங்கள். ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினால் தண்டு நசுங்கி நீர் ஏறாது. பருத்தி நூல்தான் சரி. ரிப்பன் சுற்றும்போது அடியில் நாலு செ.மீ. தண்டை வெளியே விடுங்கள். சர்ச்சில் பூசை தொடங்கும்வரை ஒரு டம்ளர் தண்ணீரில் நிற்கட்டும். தவக்காலம் முடிந்து ஏப்ரல், மேயில் கல்யாணங்கள் வரிசை கட்டும்போது கோயில் வாசலில் அனல் அடிக்கும். அந்த ஒரு டம்ளர்தான் அப்போது காப்பாற்றும். (கைப்பிடிக்கு சாட்டின் ரிப்பனுக்குப் பதில் பனங்குருத்து சுற்றினால் வியர்த்த கையில் வழுக்காது, பார்க்கவும் நம்ம ஊர்.)

வாசனை கிடையாது, அதை எதிர்பார்க்காதீர்கள். தலையில் மல்லிகை இருக்கிறதே. வெட்டி மிச்சமான பக்கக் கிளைகளில் மாப்பிள்ளை கோட்டுக்கு ஒரு பூ எடுத்துக்கொள்ளலாம். மாலை மட்டும் கேட்காதீர்கள்: ஊசி ஏறிய இடம் பழுப்பாகும், கழுத்தில் உரசினால் இதழ் கசங்கும். மாலைக்குச் சம்பங்கியும் ரோஜாவும் இருக்கவே இருக்கின்றன.