36 வரி, 36 வாக்கு

சுவிஸ் குடியுரிமை எடுத்த நம்மவர்கள் பலர் தேசிய சபைத் (சுவிஸ் நாடாளுமன்றக் கீழ்ச்சபை) தேர்தலில் செய்வது ஒன்றுதான்: கட்சி அச்சடித்த பட்டியலை அப்படியே உறையில் போட்டு ஒட்டிவிடுவது. அந்த வாக்கு செல்லும், கட்சிக்கு முழுப் பலனும் உண்டு. ஆனால் அந்தக் கட்சியிலிருந்து யார் பேர்ணிலுள்ள நாடாளுமன்றத்துக்குப் போவது என்பதில் உங்களுக்குப் பங்கே இல்லாமல் போகிறது. பட்டியலில் உள்ள எல்லாருக்கும் ஒரே அளவு வாக்கு விழுந்தால் அவர்களுக்குள் வித்தியாசம் எப்படி வரும்? பேனாவை எடுத்துத் திருத்துகிறவர்கள்தான் அதைத் தீர்மானிக்கிறார்கள்.

இலங்கையில் வாக்களித்துப் பழகியவர்களுக்கு இது குழப்பமாக இருப்பது இயல்பு. அங்கே கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு அதே கட்சிக்குள் மூன்று விருப்பு வாக்கு வரை. இங்கே கட்சி வாக்கும் ஆளுக்கான வாக்கும் ஒன்றாகவே போகின்றன. மாநிலத்துக்கு (கன்டோனுக்கு) எத்தனை ஆசனமோ தாளில் அத்தனை வரி, வரிக்கு ஒரு வாக்கு. 2023இல் சூரிச்சில் 36, பேர்ணில் 24, திச்சினோவில் 8, யூராவில் 2. ஊரி, கிளாருஸ் போன்ற ஒற்றை ஆசன மாநிலங்களில் இந்தக் கணக்கே கிடையாது; அதிக வாக்கு எடுத்தவர் வெற்றி.

பெயரை வெட்டலாம், ஒரு பெயரை இரண்டு தரம் எழுதலாம், வேறு கட்சி வேட்பாளரையும் எழுதலாம். சூரிச்சில் பசுமைக் கட்சியின் முழுப் பட்டியலை எடுத்து, இரண்டு பெயரை வெட்டி வரிகளை வெறுமையாக விட்டால், கட்சிக்கு 36 வாக்கும் கிடைக்கும். வெட்டுப்பட்ட இருவருக்கு மட்டும் இல்லை. அதே இரண்டு வரியில் எஸ்பி (சமூக ஜனநாயகக் கட்சி) வேட்பாளர் ஒருவரை இரண்டு தரம் எழுதினால் பசுமைக்கு 34, எஸ்பிக்கு 2. "தெரிஞ்ச பிள்ளை கேக்குது, ஒரு பேர்தானே" என்று எழுதுகிறவர்கள் இதை அறிந்தே எழுத வேண்டும். ஆசனங்கள் முதலில் கட்சிகளுக்குத்தான் பங்கிடப்படுகின்றன. அந்தப் பிள்ளை தோற்றாலும் வாக்கு அதன் கட்சியிலேயே நிற்கும். உங்களுக்குப் பிடிக்காத வேறொருவரை அது கரையேற்றவும் கூடும்.

பெரிய நட்டம், பெயர் எதுவும் அச்சடிக்காத வெற்றுத் தாளில்தான். மேலே கட்சிப் பெயரோ பட்டியல் இலக்கமோ எழுதாமல் சூரிச்சில் நாலு பெயர் மட்டும் எழுதினால் மிச்சம் 32 வாக்கும் யாருக்கும் சேராது. தலைப்பில் பட்டியலைக் குறித்துவிட்டால் அந்த 32உம் அந்தக் கட்சிக்கு. இதைச் சொல்லிக்கொடுக்காமல் "போய் வாக்குப் போடுங்கோ" என்று மட்டும் பிரசாரம் செய்வது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

அச்சடித்த தாளில் உள்ள பட்டியல் இணைப்புக் குறிப்பையும் வாசியுங்கள். இணைந்த பட்டியல்களின் வாக்குகள் பங்கீட்டின்போது முதலில் ஒன்றாகக் கூட்டப்படுகின்றன. இளைஞர் பட்டியலுக்குப் போட்டது தாய்க்கட்சியின் ஆசனத்துக்கு உதவுவது இப்படித்தான்.

செல்லாமல் போவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் சின்னவை. உறையில் இரண்டு பட்டியல் போடக்கூடாது, ஒன்றுதான். திருத்தம் கையால் மட்டும். மேலே உள்ள பெயரே என்று காட்ட மேற்கோள் குறி போடாமல் முழுப் பெயரையும் திரும்ப எழுதுங்கள். மூன்றாம் தரம் எழுதியது வெட்டப்படும். தாளில் வசை எழுதினால் முழுத் தாளும் போய்விடும். தபாலில் அனுப்பும்போது பெரும்பாலான மாநிலங்களில் வாக்காளர் அட்டையில் கையொப்பம் இல்லாவிட்டால் உள்ளே எவ்வளவு கவனமாக நிரப்பியிருந்தும் பயனில்லை.

அம்மா அப்பாவுக்கு மொழி விளங்கவில்லை என்று பிள்ளை ஒருவரே வீட்டிலுள்ள எல்லாத் தாளையும் நிரப்புவதை நிறுத்துங்கள். விளக்கிச் சொல்லுங்கள், அவர்களே எழுதட்டும். பிறருடைய தாள்களைத் திட்டமிட்டுச் சேகரித்து நிரப்புவது குற்றவியல் சட்டப்படி தண்டனைக்குரியது.

அடுத்த தேர்தல் 2027 ஒக்டோபர் 24, ஞாயிறு. தாள்கள் மூன்று, நாலு கிழமைக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடும். கடைசிக் கிழமை செவ்வாய்க்குப் பிறகு பி தபாலை (மெதுவாகப் போகும் மலிவுத் தபாலை) நம்ப வேண்டாம். கெமைன்டே (உள்ளூராட்சி) அலுவலகப் பெட்டியில் நேரே போடுங்கள். அந்தப் பெட்டியை எத்தனை மணிக்குக் கடைசியாகத் திறப்பார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும், முதலே கேட்டு வையுங்கள்.