அந்த லைக்கைப் போட்டது யாரு?

லிங்க் போட மாட்டேன், போட்டா அதுக்கும் வியூஸ் ஏறும். எந்த வீடியோன்னு உங்களுக்கே தெரியும், மூணு நாளா எல்லா குரூப்லயும் அதுதான் ஓடுது. ஆப்பிரிக்காவுல இருந்து இங்க படிக்க வந்த ஒரு பொண்ணு, தான் எப்படித் தமிழ் கத்துக்கிட்டேன்னு நிறுத்தி நிதானமா பேசியிருந்தா. அதுல ஒரே ஒரு வரிய வெட்டி, காமெடி மியூசிக் சேத்து, மூஞ்ச ஜூம் பண்ணி ஒரு மீம் பேஜ் விட்டுச்சு. ஒரிஜினல சீண்ட ஆளில்ல, வெட்டினது லட்சக்கணக்குல ஓடுது. கமெண்ட்ஸ் "நைட்ல பாத்தா பயந்துருவேன்"ல ஆரம்பிக்குது, மத்தத இங்க எழுத என்னால முடியாது.

அதே வாரம் ஒரு வெள்ளைக்காரர் தள்ளுவண்டிக் கடையில இட்லிய பிட்டு வாயில வச்சுட்டு "சூப்பர் அண்ணா"ன்னார். அவ்ளோதான். கீழ போய்ப் பாருங்க, "தங்கமான மனுஷன்", "இவருக்கு ஆதார் கார்டு குடுங்கப்பா", "நம்ம வீட்டு மாப்ள". அவர் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, பசிச்சுது சாப்பிட்டார். கை தட்டினவங்ககிட்டதான் கேக்குறேன். முழுசா தமிழ் பேசினவளுக்குக் கேலி, ரெண்டு வார்த்தை சொன்னவருக்குச் சீராட்டு. தோல் நிறத்தத் தவிர இதுக்கு வேற காரணம் இருந்தா யாராவது சொல்லுங்க, கேட்டுக்கிறேன்.

"அதெல்லாம் அல்காரிதம் பண்றது"ன்னு ஒரு க்ரூப் வரும். எந்த வீடியோவ யாருக்குக் காட்டணும்னு ஆப் போடுற அந்தக் கணக்குலயும் கோளாறு இருக்கு, இல்லைங்கல. 2020 மார்ச்ல டிக்டாக்கோட உள் ஆவணங்கள் வெளிய வந்துச்சு, பாக்க அழகில்லாதவங்க, பின்னாடி ஏழை வீடு தெரியற வீடியோ இதெல்லாம் புது ஆளுங்களுக்குப் போகாம பாத்துக்கோங்கன்னு வீடியோக்கள சரிபாக்குற மாடரேட்டர்களுக்கே சொல்லி வச்சிருந்தாங்க. ட்விட்டர் ஃபோட்டோவ தானா வெட்டுறப்ப கறுப்பு முகத்தவிட வெள்ளை முகத்த கொஞ்சம் அதிகமா எடுக்குதுன்னு 2021ல அவங்களே சோதிச்சுப் பாத்து ஒத்துக்கிட்டாங்க. சரி. ஆனா நீங்க எதுல விரல நிறுத்துறீங்களோ அதைத்தானே அது அடுத்தவனுக்கும் கொண்டு போய்க் காட்டுது? லைக் போட்டது யாரு?

ஜலையா ஹார்மன் கதை எத்தன பேருக்குத் தெரியும்? அட்லாண்டா பக்கம் 14 வயசுக் கறுப்பினப் பொண்ணு. 2019ல ரெனிகேட்னு ஒரு டான்ஸ் உருவாக்கி இன்ஸ்டால போட்டா. அது டிக்டாக் போய் ஊரே ஆடுச்சு, ஆனா அந்த டான்ஸுன்னா எல்லாருக்கும் ஞாபகம் வந்த முகம் சார்லி டமேலியோங்கிற வெள்ளைக்காரப் பொண்ணோடது. 2020 பிப்ரவரியில நியூயார்க் டைம்ஸ் எழுதின அப்புறம்தான் உருவாக்கினவ பேரு வெளிய வந்துச்சு. அதுக்கப்புறமாவது திருந்தினாங்களா? 2021 மார்ச்ல ஜிம்மி ஃபாலன்ங்கிறவரோட அமெரிக்க டிவி ஷோவுல அடிசன் ரேங்கிற வெள்ளைக்கார டிக்டாக் பிரபலம் எட்டு டான்ஸ் ஆடிக் காட்டினாங்க, அதுல நிறைய கறுப்பின கிரியேட்டர்கள் உருவாக்கினது, ஷோவுல ஒருத்தர் பேரக்கூட சொல்லல. எல்லாரும் திட்டின பிறகுதான் உருவாக்கினவங்கள ஷோவுக்குக் கூப்பிட்டுப் பேசினாங்க. அந்த வருஷம் ஜூன்ல கறுப்பின கிரியேட்டர்கள் பல பேர் இனிமே புதுப் பாட்டுக்கு ஸ்டெப் போட மாட்டோம்னு ஸ்ட்ரைக்கே பண்ணாங்க.

திறமைக்கு இந்த மரியாதைன்னா, கேலிக்கு மட்டும் கறுப்பு முகம் நல்லா விக்குது. 2022ல ஆப்பிரிக்க நாடான மலாவி பத்தி பிபிசி வெளியிட்டத பாருங்க. சின்னப் பிள்ளைங்கள வரிசையா நிக்க வச்சு, அதுங்களுக்கு அர்த்தமே புரியாத சீன மொழியில, நாங்க கறுப்புப் பேய், எங்களுக்கு அறிவு கம்மிங்கிற மாதிரி கத்த வச்சு வீடியோ எடுத்து சீனாவுல பரப்பியிருக்காங்க. அந்தப் பிள்ளைங்கள வச்சு வாழ்த்து வீடியோ எடுத்து வித்துட்டு இருந்த ஆள் கைதானான். காசு குடுத்து வாங்கினவங்க, பாத்துச் சிரிச்சவங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல.

கோயம்புத்தூர்ல படிச்சப்ப எனக்கு ருவாண்டாவுல இருந்து வந்த ஒரு ஜூனியர் இருந்தா. அக்கா அக்கான்னு கூடவே இருப்பா. பேக்கரியில "அண்ணா ஒரு டீ, சக்கரை கம்மியா"ன்னு அவ்ளோ தெளிவா கேப்பா, கேட்டதும் பின்னாடி டேபிள்ல பசங்க போனைத் தூக்கிருவாங்க. ஒரு தடவ நான் சண்டைக்கே போயிட்டேன், அவதான் கையப் புடிச்சு "விடுங்கக்கா, எப்பவும் நடக்கிறதுதான்"னா. கடைசி வருஷம் கடையில இங்கிலீஷ்ல மட்டும்தான் பேசுவா. ஏன்டின்னு கேட்டதுக்கு, தமிழ்ல பேசினாத்தான் வீடியோ எடுக்குறாங்கக்கான்னு சொன்னா. தமிழ் வாழ்கன்னு டிபி வைக்கிறவங்க இதுக்கு என்ன பதில் வச்சிருக்கீங்க?

"ஜாலிக்குப் போட்டது"ங்கிறவங்களுக்கு பதில் சொல்ல எனக்கு நேரமில்ல. "வெளிநாட்டுக்காரன் தமிழ் பேசினா பெருமைப்படக் கூடாதா"ன்னா, படுங்க, நல்லா படுங்க, அவளும் வெளிநாட்டுலேர்ந்துதான் வந்திருக்கா.

"நாமளே கறுப்பு, நமக்கு எங்க இனவெறி"ங்கிறதுதான் எனக்குத் தாங்கல. நாம கறுப்பா இருக்கறதாலதான் இது வருது. பத்து வயசுல இருந்து எனக்கு மூஞ்சில கடலமாவு பூசினாங்க. பொண்ணு பாக்க வந்தவங்க எங்கம்மா முன்னாடியே "கொஞ்சம் நிறம் கம்மி"ன்னாங்க, அம்மா பதில் சொல்லாம காபி டம்ளர எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. ஃபேர் அண்ட் லவ்லிய 2020ல க்ளோ அண்ட் லவ்லின்னு பேர் மாத்தினாங்க, எங்க வீட்டுப் பேச்சு மாறல. என் தங்கச்சி டான்ஸ் ரீல் போட்டா இப்பவும் "லைட்ட போடும்மா"ன்னு ஒருத்தன் வருவான். நமக்கு மேல ஒரு படி, கீழ ஒரு படின்னு மனசுல போட்டு வச்சிருக்கோம், மேல இருக்கறவன் சிரிச்சா பூரிச்சுப் போறோம், கீழன்னு நாமளே முடிவு பண்ணவங்கள மிதிக்கிறோம். வெளிநாட்டுக்காரங்க நம்ம ரோட்டுக் கடைய அழுக்கா காட்டி வீடியோ போட்டு, கீழ இந்தியர்கள் நாறுவாங்கன்னு எழுதுறப்ப நமக்கு எப்படி எரியுது? அன்னைக்கு அவங்ககிட்ட ஜாலிக்குத்தானேன்னு விட்டோமா?

வெட்டின வீடியோவ ரிப்போர்ட் பண்ணேன். விதிமீறல் எதுவும் இல்லைன்னு பதில் வந்துச்சு. அதனால இனி அந்த பேஜ்கிட்ட பேசிப் பிரயோஜனமில்ல. யார் யார் லைக் போட்டிருக்கீங்கன்னு லிஸ்ட்ல எனக்குத் தெரியுது, கூடப் படிச்சவங்க இருக்கீங்க, என் சொந்தக்காரங்களே இருக்கீங்க. சித்தப்பா, நீங்களும்தான். நாளைக்குக் காலையில போன் பண்றேன், எடுங்க.