வெறுங்கால் நடைக்கு ஒரு மணித்தியாலம் அதிகம்

வெறுங்காலோடு இரவு நடையை முதல் நாளே திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் ஒரு மணித்தியாலம் நடந்து தொடங்கலாம் என்று ஒரு கட்டுரை சொல்வது சரியில்லை. சப்பாத்துக்குப் பழகிய காலுக்கு முதல் வாரம் 10 முதல் 15 நிமிடமே போதும். அலை நனைத்த இறுகிய மணலில் நடவுங்கள். காய்ந்த மணலில் குதிகால் புதைவதால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் இழுபடும். கரை கடல் பக்கம் சரிவானது, ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே நிற்கும். ஆகவே போன வழியே திரும்பினால் இரு காலுக்கும் பாரம் சமன்.

டோர்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்து 2, 3 மீற்றர் முன்னே சாய்த்து அடியுங்கள். நிழல் விழுவதால் உடைந்த போத்தல் துண்டும் தூண்டில் முள்ளும் தெரியும். வள்ளம் இழுக்கும் இடங்களில் முள் அதிகம். குத்தினால் பின்னோக்கி இழுக்காதீர்கள், அதன் எதிர்முள் சதையைக் கிழிக்கும். ஆஸ்பத்திரியில் எடுப்பதே நல்லது. ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டு எத்தனை வருடம் என்றும் பாருங்கள்.

அடம்பன் கொடிக்குள்ளும் வேலியோரப் புல்லிலும் கால் வைக்கவே வேண்டாம், விரியன் பெரும்பாலும் இரவில்தான் நடமாடும். கடித்தால் கட்டாமல், கீறாமல், காலை அசைக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். சலரோகத்தால் பாதம் மரத்தவர்கள் தயவுசெய்து செருப்போடே நடவுங்கள்.