ஓடிப்போனவர்கள் இல்லை, ஓட்டப்பட்டவர்கள்

முதல் உலகப் போர்க் காலத்தில் ஓட்டோமான் துருக்கியில் நடந்த ஆர்மீனியர் இனப்படுகொலை என்று பேச்செடுத்தாலே துருக்கி அரசுத் தரப்பின் பதில் ஒன்றுதான். போர்க்காலம், எல்லையில் ரஷ்யப் படை, பாதுகாப்புக்காக மக்களைத் தற்காலிகமாக இடம் மாற்றினோம், வழியில் நோயும் பட்டினியும் கொள்ளைக்காரர்களும் சேர்ந்து பலரைக் கொன்றுவிட்டன. எத்தனை பேர் செத்தார்கள் என்ற விவாதத்தில் இந்தப் பதில் எப்படியாவது நழுவிவிடும். சொத்துக் கணக்கை விரித்தால் நழுவ முடியாது. ஆகவே வீட்டையும் நிலத்தையும் என்ன செய்தார்கள் என்று மட்டும் பார்ப்போம்.

1915 மே 27 அன்று வந்த இடமாற்றச் சட்டத்தில் ஆர்மீனியர் என்ற சொல்லே கிடையாது. உளவோ துரோகமோ நடப்பதாகப் படைத் தளபதிக்குத் தோன்றினால் ஊரையே கிளப்பலாம், அவ்வளவுதான். ஜெய்த்தூன் என்ற ஆர்மீனிய மலையூர் மக்களை அதற்கு முன்பே கிளப்பிவிட்டார்கள். இஸ்தான்புல்லில் எழுத்தாளர்களையும் தலைவர்களையும் ஏப்ரல் 24 இரவிலேயே பிடித்துவிட்டார்கள். சட்டம் பின்னால் வந்த காகிதம்.

அதற்கு இரண்டே வாரத்தில், ஜூன் 10 அன்று, 34 பிரிவுகளோடு இன்னொரு விதிமுறை. மனிதர்களை அனுப்பச் சில வரிகள் போதுமாக இருந்தது, அவர்கள் சொத்தை நிர்வகிக்க 34 பிரிவுகள்! அதன்படி ஒரு தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் கொண்ட ஆணையம் ஊருக்கு வரும். வீட்டுக்குச் சீல் வைக்கும், சாமான்களைப் பட்டியல் எடுக்கும். ஆடுமாடும் கெட்டுப்போகும் பொருளும் ஏலத்துக்குப் போகும். ஏலப் பணம் உரிமையாளர் பெயரிலேயே கருவூலத்தில் இருக்கும். படித்தால் நேர்மையாகத்தான் தெரியும். ஆனால் அதே விதிமுறை காலியான வீட்டிலும் நிலத்திலும் பால்கனிலிருந்து வந்த முஸ்லிம் அகதிகளைக் குடியமர்த்தச் சொல்கிறது. (அவர்களும் ஊரை இழந்து வந்த பாவப்பட்டவர்கள். அதை மறுக்கவில்லை.) திரும்பி வரப்போகிறவன் வீட்டில் யாராவது இன்னொரு குடும்பத்தை நிரந்தரமாகக் குடிவைப்பார்களா?

நடந்தது எப்படி என்பதற்கு ட்ராப்சோன் துறைமுக நகரம் போதும். ஐந்து நாள் கெடு கொடுத்தார்கள். பொருளை மூட்டை கட்டி அரசுப் பாதுகாப்பில் வைப்போம், திரும்பும்போது தருவோம் என்றார்கள். அங்கிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆஸ்கர் ஹைசர் பார்த்ததை எழுதி அனுப்பினார். சுமார் 1,000 ஆர்மீனிய வீடுகளைப் போலீஸ் ஒவ்வொன்றாகக் காலி செய்கிறது. மேசை, நாற்காலி, படுக்கை எல்லாம் பெரிய கட்டடங்களுக்குள் குவிகின்றன. எது யாருடையது என்று பிரிப்பதே இல்லை. போலீஸ் விலையுயர்ந்ததை எடுத்து வெளியே வந்ததும், வாசலில் காத்திருந்த கூட்டம் மிச்சத்தை அள்ள உள்ளே பாய்கிறது. திருப்பித் தருவோம் என்பதெல்லாம் கேலிக்கூத்து என்றே அவர் எழுதியிருக்கிறார்.

உரியவர்கள் அப்போது எங்கே இருந்தார்கள்? ட்ராப்சோனில் பலரைப் படகில் ஏற்றிக் கருங்கடலில் மூழ்கடித்தார்கள். மேற்குப் பகுதி மக்களை ஆடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்தார்கள், அதற்கும் டிக்கெட் காசு வாங்கிக்கொண்டு. டாரஸ், அமானுஸ் மலைகளில் சுரங்கப்பாதை முடியாததால் அங்கே இறக்கி நடக்கவிட்டார்கள். தப்பியவர்கள் அலெப்போ வழியாக சிரியாவின் தேர் எஸ்ஸோர் பாலைவனத்துக்குப் போனார்கள். அங்கேயும் உயிரோடு நிறையப் பேர் மிஞ்சிவிட்டார்கள் என்றதும், 1916-இல் ஓரளவு இரக்கம் காட்டிய ஆளுநர் அலி சுவாதை மாற்றி ஸாலிஹ் ஸெக்கியைப் போட்டார்கள். அந்தக் கோடையில் அங்கே மறுபடி படுகொலை.

இதற்கிடையில் 1915 செப்டம்பர் 26 அன்று, வெளியேற்றப்பட்டவர்களின் சொத்தை விற்றுக் கணக்கு முடிக்கும் சொத்துக் கலைப்புச் சட்டம் வந்தது. கடன் கொடுத்தவர்களும் உரிமை கோருபவர்களும் உள்நாட்டில் இருந்தால் இரண்டு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். பாலைவன முகாமில் தண்ணீருக்குத் தவிப்பவன் எந்த அலுவலகத்தில் மனுப் போடுவான்? ஓட்டோமான் மேலவையில் அதன் உறுப்பினர் அஹ்மெத் ரிஸா எழுந்து கேட்டார்: இவர்கள் சொத்தை விட்டுப் போகவில்லை, வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டார்கள், பிறகு எப்படி இது "கைவிடப்பட்ட சொத்து" ஆகும்? யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உள்துறை அமைச்சர் தலாத் பாஷா இன்னும் ஒருபடி மேலே போனார். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களில் பாலிசி எடுத்த ஆர்மீனியர்களின் பட்டியலை வாங்கித் தரும்படி அமெரிக்கத் தூதர் மார்கெந்தாவிடமே கேட்டார். எல்லாரும் செத்துவிட்டார்கள், வாரிசும் இல்லை, பணம் அரசுக்குத்தான் சேரும் என்பது அவர் சொன்ன காரணம். மார்கெந்தாவ் கோபத்தோடு மறுத்து, இதைத் தன் நினைவுக்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். தலாத் தன்னிடம் வைத்திருந்த குறிப்பேடு 2008-இல் துருக்கியிலேயே அச்சானது. போருக்கு முன் 12,56,000 ஆர்மீனியர், 1917-இல் 2,84,157. கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கலைப்புச் சட்டத்தை 1920-இல் இஸ்தான்புல்லில் இருந்த சுல்தானின் அரசு ரத்து செய்தது. 1922-இல் அங்காராவில் இருந்த போட்டித் தேசியவாத அரசு அதை உயிர்ப்பித்தது. துருக்கியின் சுதந்திரப் போரில் சேராமல் வெளிநாட்டில் தங்கி, திரும்பியும் வராதவர்களின் குடியுரிமையைப் பறிக்க 1927-இல் தனிச்சட்டம். உயிர் பிழைத்தவன் வந்து கேட்கும் கடைசிக் கதவும் அதோடு அடைபட்டது. பல ஆண்டுகள் துருக்கி அதிபர்கள் வாழ்ந்த அங்காராவின் சான்காயா மாளிகை இருக்கிறதே, அது கஸாபியான் என்ற ஆர்மீனியக் குடும்பத்தின் தோட்ட வீடு.

ஓட்டோமான் காலத்து நிலப் பதிவேடுகளைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறப்பதா என்ற கேள்வி 2005-இல் எழுந்தது. வேண்டாம், இனப்படுகொலைக் குற்றச்சாட்டுக்கும் சொத்துக் கோரிக்கைக்கும் அவற்றைப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று துருக்கியின் தேசியப் பாதுகாப்புக் குழு கருத்துச் சொன்னது. தற்காலிக இடமாற்றம்தான் என்றால், அந்தப் பதிவேட்டைத் திறக்க என்ன பயம்?