பிஎச்டி படிக்கட்டும், விடுங்கள்

"ஜூரோங் தீவுலயே வேலை கிடைக்குமே, இன்னும் நாலு வருஷம் எதுக்குப் படிப்பு?" கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்த பிள்ளை பிஎச்டி என்று வாயெடுத்தாலே, ரசாயன ஆலைகள் நிறைந்த அந்தத் தீவைக் காட்டி, சிங்கப்பூரில் நம் வீடுகளில் வரும் முதல் கேள்வி இதுதான். இப்போது என் சித்தி வீட்டிலும் இதே பேச்சு. சித்தியிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் பணம். கையிலிருந்து கட்டிப் படிப்பது பெரும்பாலும் வகுப்புவழி மாஸ்டர்ஸ்தான். என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்), என்டியு (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) இரண்டிலும் ஆய்வுவழி பிஎச்டிக்கு உதவித்தொகை உண்டு. கட்டணமும் அதில் கழிந்துவிடும், மாதாமாதம் செலவுக்கும் பணம் வரும். ஊரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு 'சிங்கா' உதவித்தொகை இருக்கிறது. வேலைக்குப் போனால் வருவதைவிடக் குறைவுதான், மறுக்கவில்லை.

அப்புறம் அந்த ஜூரோங் தீவு. ஏழு சின்னத் தீவுகளுக்கு நடுவே கடலைத் தூர்த்து ஒன்றாக்கி, 2000இல் திறந்தார்கள். கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பும் பெட்ரோகெமிக்கலும்தான் அதற்குச் சோறு போட்டன. இன்று நிலைமை வேறு. ஆலைகள் வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களுக்கு 2019இல் ஒரு டன்னுக்கு 5 வெள்ளியாக இருந்த கரிம வரி 2024இல் 25 ஆனது, 2026இல் 45. 2050க்குள் நிகர வெளியேற்றம் பூஜ்யம் என்பது நாட்டின் இலக்கு. ஓடுகிற ஆலையை ஓட்டத் தெரிந்தவர்கள் என்றும் வேண்டும். ஆனால் புகையிலிருந்து கரியமில வாயுவை மலிவாகப் பிரிக்க எந்தப் பொருள் நல்லது, அதை வேறொன்றாக மாற்ற எந்த வினையூக்கி தாங்கும் என்ற கேள்விகளுக்குப் பாடப்புத்தகத்தில் விடை கிடையாது. அதைத் தேடுகிற இடம் ஆய்வகம்.

ஆய்வகத்தில் என்னதான் செய்வார்கள் என்று சித்தி கேட்டார். தண்ணீரையோ வாயுவையோ வடிகட்டிப் பிரிக்கும் மெல்லிய சவ்வு பற்றிய ஆராய்ச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். தேன் போன்ற பாலிமர் கரைசலைக் கண்ணாடித் தகட்டில் ஊற்றி, கத்தியால் ஒரே சீராக இழுத்து, தகட்டைத் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். கரைப்பான் வெளியேற, தண்ணீர் உள்ளே போக, கண்ணெதிரே அது வெள்ளைத் தாளாக உறையும். கரைசலில் ஒரு காற்றுக்குமிழி தங்கியிருந்தால் அங்கே ஓட்டை விழும், அந்தத் தாளே வீண். மறுபடி ஊற்ற வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரித்து 2003 முதல் நமக்குக் கைகொடுக்கும் நியூவாட்டர் நிற்பதும் சவ்வுகளை நம்பித்தான். அதனால் இதை யாராவது 'சும்மா படிப்பு' என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர். பல்கலைக்கழகத்தின் ரேங்க்கைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். கென்ட் ரிட்ஜில் இருக்கும் என்யுஎஸோ ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கும் என்டியுவோ, நான்கு வருடமும் பிள்ளையின் நிம்மதி அந்த ஒருவர் கையில்தான். சேரும் முன் அவரிடம் இப்போது படிப்பவர்களிடமே கேட்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசுவாரா? சோதனை தோற்றால் திட்டுவாரா, யோசிப்பாரா? பிஎச்டியைத் தொடரத் தேற வேண்டிய தகுதித் தேர்வுக்குத் துணை நிற்பாரா? முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மெயில் போட்டுக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். பதில் சரியாகப் படவில்லை என்றால் வேறு ஆய்வகம் பார்க்கலாம், அதற்காகப் படிப்பையே விட வேண்டாம்.