பேஸைக் கொறைக்கணுமாம்!

கல்யாணக் கச்சேரிகள்ல பேஸ் கிடார், அதாவது பாட்டுக்கு அடிச்சத்தம் கொடுக்கற கிடார், வாசிக்கறவன் நான். எந்த மண்டபத்துக்குக் கச்சேரிக்குப் போனாலும் ஒருத்தர் வருவார். பொண்ணோட சித்தப்பாவா இருப்பார், இல்ல மாப்பிள்ளையோட தாய்மாமனா இருப்பார். முதல் பாட்டு முதல் சரணம் முடியறதுக்குள்ள மேடை ஓரமா வந்து நின்னு, காதுல விரலை வெச்சுக் காட்டி, நேரா என்னைப் பாத்துச் சொல்வார்: "தம்பி, அந்த திம்முதிம்முன்னு வருதுல்ல, அதைக் கொஞ்சம் கொறைங்க. நெஞ்சை அடைக்குது."

கொறைச்சேன் சார். ஒரு தடவை வெறுத்துப்போய், கிடார்ல இருக்கற வால்யூம் குமிழையே சுத்தமா மூடிட்டு, சும்மா விரலை மட்டும் ஆட்டிக்கிட்டு நின்னேன். அடுத்த பாட்டுக்கும் வந்தார். "இப்ப பரவால்ல, இன்னும் துளி"ன்னார்!

அய்யா, அந்த திம்முதிம்மு நான் இல்ல. பக்கத்துல உக்காந்திருக்கற தம்பி ரிதம் பேடுல மிதிக்கறாரே, அந்தக் கிக் டிரம் சத்தம். அது பத்தாதுன்னு கீபோர்டுக்காரர் இடது கையால அதே இடத்துல ஒரு பேஸ் சத்தத்தை அமுக்கிப் பிடிச்சிருக்கார். ரெண்டையும் சேத்து சவுண்ட்காரர் 'பஞ்ச்' வேணும்னு சப்புல, அதாவது அடிச்சத்தத்துக்குன்னே இருக்கற பெரிய ஸ்பீக்கர்ல, ஏத்திவிட்டிருக்கார். ஆனா மேடையில நீளமா, கறுப்பா, தடிக் கம்பியோட ஒரு கிடார் தெரியுது பாருங்க, அதான் குத்தவாளி.

இன்னொரு விஷயம் இருக்கு, அதை யார்கிட்டச் சொன்னாலும் காதுல வாங்க மாட்டேங்கறாங்க. நாலு கம்பி பேஸ்ல அடிக்கம்பி ஈ (E)ங்கற நோட்டு, அதாவது ஸ்வரம். 41 ஹெர்ட்ஸ், செகண்டுக்கு 41 அதிர்வு. அந்தச் சத்தத்தோட ஒரு அலை மட்டுமே கிட்டத்தட்ட 27 அடி நீளம். நம்ம மண்டபம்னா என்ன? நாலு பக்கமும் சிமெண்டுச் சுவர், கீழ கிரானைட், மேல கான்கிரீட். திரைச்சீலைன்னு ஒரு முழம் துணி கிடையாது. அவ்வளவு நீளமான அலை அதுக்குள்ள போனா சுவத்துல மோதித் திரும்பி வந்து, வர்ற அலை மேலயே ஏறி உக்காரும். மூலையில, சுவரோரமா இருக்கறவருக்கு ரெட்டிப்பாக் கேக்கும். பத்தடி தள்ளி உக்காந்தா அதே நோட்டு பாதி காணாமப் போயிருக்கும். நம்ம சித்தப்பா எங்க உக்காந்திருப்பார்? ஃபேன் காத்து வரும்னு சப் ஸ்பீக்கருக்குப் பக்கத்துல, மூலையில, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு! நாற்காலியை நாலடி நகத்துங்க சித்தப்பான்னு சொன்னா நான் திமிர் பிடிச்சவன்.

சரி, வெளிய இப்படி அதிருதே, மேடையில எனக்காவது கேக்குமான்னா, அதான் இல்ல. மானிட்டர், அதாவது மேடையில இருக்கறவங்களைப் பாத்து வெச்ச ஸ்பீக்கர், ரெண்டு இருக்கும். ரெண்டும் பாடறவங்களுக்கு. நான் வாசிக்கறது எனக்குக் கேக்கணும்னா கிடார் உடம்பை வயித்தோட அழுத்திப் பிடிச்சு அதிர்வுல கண்டுபிடிக்கணும். மிகைப்படுத்தல, பேஸ் வாசிக்கற யாரை வேணா கேட்டுப் பாருங்க.

கச்சேரிக்கு முன்னாடி ஒவ்வொரு வாத்தியமாச் சத்தம் சரிபாக்கற சவுண்ட் செக்னு ஒண்ணு உண்டு. நாங்களும் கேள்விப்பட்டிருக்கோம். ஏழு மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய ரிசப்ஷன், ஃபோட்டோ எடுக்க நிக்கற வரிசையால எட்டாகும். 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதியைக் காட்டி ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் போட விட மாட்டாங்க. ஆக எது போகும்? சவுண்ட் செக்குல என் பங்கு போகும். பாட்டு லிஸ்ட்ல ஒண்ணைக் கூடக் கொறைக்க மாட்டாங்க. பாடறவங்க மைக் பாத்தாச்சு, பேடு பாத்தாச்சு, கீபோர்டு பாத்தாச்சு, புல்லாங்குழல் கூட "டெஸ்டிங்" ஊதியாச்சு. கடைசியா என் பக்கம் திரும்பி, "அண்ணே, மிக்ஸர்ல சேனல் முடிஞ்சுபோச்சு, டிஐ பாக்ஸும் இல்ல. கீபோர்டோட சேத்துக் குத்திக்கறீங்களா?"ங்கறார் சவுண்ட்காரர். ஒரு டிஐ பாக்ஸ் வாங்கி வெச்சிருக்கக் கூடாதா? பேஸ்லேர்ந்து வர்ற சிக்னலை மிக்ஸருக்குத் தோதா மாத்திக் கொடுக்கற கையடக்கப் பெட்டி, அவ்வளவுதான். லட்ச ரூபாய்க்கு எல்இடி சுவரு தொங்குது, டிஐ பாக்ஸ் இல்லையாம்.

இதுல ஹம்முங்கற கரண்ட் இரைச்சல் வேற. மண்டபத்து வயரிங்ல எர்த் எங்க இருக்குன்னு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். கோயில் திருவிழான்னா ஜெனரேட்டர், அதே லைன்ல சீரியல் லைட்டு. கம்பியிலேர்ந்து கையை எடுத்தா 'ம்ம்ம்ம்'முன்னு ஆரம்பிக்கும். நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ். என் அடிக்கம்பியில மூணாவது ஃப்ரெட்டுல (கிடார் கழுத்துல இருக்கற குறுக்குப் பட்டை) வர்ற ஜி 49 ஹெர்ட்ஸ். அதாவது ஜி-யையே ஆதார சுருதியா வெச்ச அஞ்சு கட்டைப் பாட்டு வந்துச்சுன்னா, கச்சேரி பூராவும் சுருதி கொஞ்சம் ஏறிப்போன ஒரு சுருதிப் பெட்டியைப் பின்னால யாரோ அமுக்கிக்கிட்டே இருக்கற மாதிரி. அதோட சேந்து நான் சரியா வாசிச்சா, நான்தான் சுருதி விலகுன மாதிரித் தெரியும்!

ஆனா இதெல்லாம் கூடப் பொறுத்துக்கலாம். பொறுத்துக்க முடியாத ஒண்ணு இருக்கு. கட்டை.

வெளியாளுங்களுக்காகச் சொல்றேன். கட்டைங்கறது பாடற சுருதியோட அளவு. ஒரு கட்டைன்னா சி, ஒண்ணரைன்னா சி ஷார்ப், ரெண்டுன்னா டி, ரெண்டரைன்னா டி ஷார்ப், மூணுன்னா ஈ. மூணு கட்டைப் பாட்டு பேஸ்காரனுக்கு வரம். அடிக்கம்பியைச் சும்மா தட்டினாலே ஆதார சுருதி. எண்பதுகள்ல இளையராஜா பாட்டுங்கள்ல பேஸ் வெறும் தாளத்துக்கு முட்டுக் கொடுக்கற வேலை பாக்காது. பாடறவர் ஒரு மெட்டுல போவார், பேஸ் அடியில அதுபாட்டுக்கு இன்னொரு மெட்டுல போய், சரியா வரி முடியற இடத்துல வந்து சேரும். அதுல ஒரு பாட்டை ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு ராத்திரி ராத்திரியாக் கேட்டு, எங்க வெறும் கம்பி, எங்க சறுக்கல், எந்த விரல் எங்கன்னு உக்காந்து எடுத்துட்டுப் போறேன். மேடையில அறிவிப்பாளர் "அடுத்ததாக உங்கள் செவிகளுக்கு விருந்தாக"ன்னு இழுத்துக்கிட்டு இருக்கார். பாடற தங்கச்சி என் பக்கம் சாய்ஞ்சு, "அண்ணா, தொண்டை சரியில்ல, அரைக்கட்டை எறக்கிக்கலாமா?"ங்குது.

கீபோர்டுக்காரர் சுருதியை மாத்தற ஒரு பட்டனைத் தட்டினார். வேலை முடிஞ்சுது. அவருக்கு அதே கறுப்பு கீ, அதே வெள்ளை கீ, அதே விரல். எனக்கு? மூணு கட்டை ரெண்டரை ஆயிடுச்சுன்னா, நாலு கம்பி பேஸ்ல அந்த நோட்டே கிடையாதுப்பா! ஈக்குக் கீழ கம்பி இல்ல. ஒண்ணு, நாலு கம்பியையும் அரைக்கட்டை தளத்தி, இந்தப் பாட்டு முடிஞ்சதும் திரும்ப முறுக்கணும், அதுவும் "செவிகளுக்கு விருந்து" முடியறதுக்குள்ள. இல்ல, ஏ கம்பியில ஆறாவது ஃப்ரெட்டுக்கு ஓடி, ஒரு ஸ்தாயி மேல வாசிக்கணும். அப்ப அடியிலேர்ந்து ஏறி வர்ற அந்த அழகு எங்க போச்சு? வெறும் கம்பி அதிரும்போது கையை நகத்திக்கற அவகாசம் எங்க போச்சு? அஞ்சு கம்பி பேஸ் வாங்கிக்கங்கன்னு யோசனை சொல்றாங்க. வாங்கிக் கொடுங்க, வாசிக்கறேன்.

இதோட முடிஞ்சுதா? பாட்டு முடிஞ்சுது, கைதட்டு. கீபோர்டுக்காரர் அந்தப் பட்டனைத் திருப்பி வைக்க மறந்துட்டார். அடுத்த பாட்டு. அவர் ரெண்டரையில, நான் மூணுல. முதல் அடியிலயே ரெண்டும் முட்டி, பல்லு கூசற மாதிரி ஒரு சத்தம். மேடையில இருக்கற எல்லா மூஞ்சியும் ஒரே நேரத்துல யாரைப் பாத்துத் திரும்புச்சுங்கறீங்க? கீபோர்டுக்காரரும் சேந்து என்னைப் பாக்கறாரு! நான் ஓசைப்படாம அவர் டிஸ்பிளேயைக் கண்ணால காட்டறேன், மைனஸ் ஒண்ணுன்னு மினுக்கிக்கிட்டு இருக்கு. பட்டனைத் தட்டிட்டு, பொறுமையா என்னைப் பாத்துத் தலையாட்டறாரு, 'பரவால்ல தம்பி, சரி பண்ணிட்டேன்'ங்கற மாதிரி.

எங்க லீடர் இதுக்கெல்லாம் மேல. பாட்டு லிஸ்டை முந்தின நாள் ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸப்புல அனுப்புவார். காலைல போன் பண்ணி, "அந்த நாலாவது பாட்டுல பேஸே இல்லையேப்பா, சும்மா நில்லு"ம்பார். எதுல கேட்டீங்கன்னா, போன்லயாம்! அந்த ஆணியளவு ஸ்பீக்கர்ல எப்படிண்ணே பேஸ் வரும்? என் நாலு கம்பியும் சும்மா தட்டினா 41லேர்ந்து 98 ஹெர்ட்ஸுக்குள்ள. அந்தச் சத்தத்துக்குக் காத்தைத் தள்ள போன் ஸ்பீக்கருக்குத் தெம்பு கிடையாது. காதுல கேக்கலங்கறதுக்காக இல்லன்னு ஆயிடுமா?

கம்பி விலையைப் பத்திப் பேசினா வீட்ல சண்டைதான் வருது. ஓரளவு நல்ல செட் ஒண்ணு ரெண்டாயிரத்தைத் தாண்டிடுச்சு. வேர்வையும் அழுக்கும் ஏறி மழுங்கிப்போன பழைய கம்பியை வெந்நீர்ல போட்டுக் கொதிக்க வெச்சுத் துடைச்சா, கொஞ்ச நாளைக்குப் பளிச்சுன்னு பேசும். பேஸ்காரங்க எல்லாரும் பண்றதுதான். சுருள் சுருளாக் கம்பி கொதிக்குது, தண்ணி மேல கறுப்பா எண்ணெய் மிதக்குது, வீட்டம்மா சமையக்கட்டு வாசல்ல நின்னு பாத்துட்டு, "அது பால் காய்ச்சற பாத்திரம்"னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் எனக்குன்னு தனிச் சட்டி.

1951ல ஃபெண்டர் கம்பெனி ப்ரிசிஷன் பேஸ்ங்கற பேஸ் கிடாரை எறக்கினதே, ஆளுயரத்துக்கு இருக்கற டபுள் பேஸைத் தூக்கிக்கிட்டு அலைய வேணாம், கூட்டத்துல சத்தமும் கேக்கும்னுதான். பாவம், அவங்க நம்ம டவுன் பஸ்ல ஏறிப் பாக்கல, நம்ம லீடர்கிட்ட வேலையும் பாக்கல. பட்ஜெட் கொஞ்சம் இடிக்குதுன்னா முதல்ல கழட்டிவிடற வாத்தியம் பேஸ்தான். "கீபோர்டு லெஃப்ட் ஹேண்டுல சமாளிச்சுக்கலாம்பா." சமாளிக்கலாம், நோட்டு வரும். ஒரு நோட்டை எப்ப ஆரம்பிக்கறோங்கறதை விட எந்த இடத்துல கையை வெச்சு அமுக்கி நிறுத்தறோங்கறதுலதான் பாட்டு ஆடுதா, நொண்டுதான்னு இருக்கு. அது பட்டன்ல வராது. சரி, நான் வந்த அன்னைக்காவது அந்த இடது கையைத் தூக்கி மடியில வெச்சுக்கச் சொல்லுங்களேன்! ரெண்டு பேரும் ஒரே இடத்துல உழுதா சேறுதான் மிஞ்சும்.

போன முகூர்த்தத்துக்கு அப்படித்தான் கழட்டிவிட்டாங்க. கரூர் புரோகிராம், "இந்தத் தடவை ஆள் கம்மி, கோச்சுக்காத"ன்னார் லீடர். கோச்சுக்கல. சாயங்காலம் நாலரைக்குப் போன். பொண்ணு வீட்டுக்காரங்க எண்பதுகள் பாட்டு மட்டும்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்களாம், பாடறவர் பேஸ் இல்லாம ஏற மாட்டேன்னுட்டாராம். "திருச்சிலேர்ந்து ரெண்டு மணி நேரம்தானப்பா, உடனே கெளம்பு, ஆறரைக்கு மேடையில இருக்கணும்."

பேமெண்ட் எவ்வளவுண்ணேன்னு கேட்டேன். வழக்கமானதுதான்னார். போன மாசத்து வழக்கமானதே இன்னும் வரலையேண்ணேன். சேத்துப் பாத்துக்கலாம்னார். பஸ் காசு? கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொல்றார்: "அந்தப் பெரிய ஆம்ப்ளிஃபையரையும் எடுத்துக்கிட்டு வந்துடு, இங்க சேனல் இல்லையாம்."